இயர்பட்ஸ்ல சவுண்டு எது பெஸ்ட்னு பாக்கறது எப்படி? புதுசா வாங்கறவங்களுக்கு ஒரு விளக்கம்

"பெஸ்ட் டிடபிள்யூஎஸ் எது"ன்னு (அதாவது வயரே இல்லாத இயர்பட்ஸ்) தேடினா லிஸ்டுக்கு ஒன்னு முதல் இடத்துல இருக்கும். ஒருத்தர் சோனிங்கறார், இன்னொருத்தர் சென்ஹைசர்ங்கறார், மூணாவது ஆள் "ஐபோன் வச்சிருக்கியா, பேசாம ஏர்பாட்ஸ் ப்ரோ வாங்கிடு"ன்னு பேச்சையே முடிச்சிடறார். இதுல யாரும் பொய் சொல்லல. மூணு பேரோட காதும் வேற, போனும் வேற, கேக்கற வால்யூமும் வேற, அவ்ளோதான். அதனால இங்க நம்பர் ஒன் எதுன்னு நான் சொல்லப் போறதில்ல. ரெண்டு இயர்பட்ஸ கைல வச்சுக்கிட்டு சவுண்ட மட்டும் ஒப்பிடணும்னா எதை முதல்ல பாக்கணும், எதை கடைசில பாக்கணும், பெட்டி மேல அச்சடிச்சிருக்கற எந்த நம்பரை கண்டுக்காமலே விட்டுடலாம், இதான் விஷயம். வரிசைதான் இதுல முக்கியம், ஏன்னா நெறைய பேர் கடைசில பாக்க வேண்டிய கோடெக்க (ப்ளூடூத்ல பாட்ட சுருக்கி அனுப்பற முறை) முதல்ல பாக்கறாங்க, முதல்ல பாக்க வேண்டிய ரப்பர் டிப்ப பாக்கறதே இல்ல.

ஆமா, ரப்பர் டிப்தான். சிரிக்காதீங்க.

இயர்பட்ஸ்குள்ள இருக்கற குட்டி ஸ்பீக்கருக்கு ட்ரைவர்னு பேரு. பெரும்பாலும் 6லேர்ந்து 12 மில்லிமீட்டருக்குள்ளதான் இருக்கும். இத்துனூண்டு ஸ்பீக்கர மேஜை மேல வச்சு பாட்டு போட்டா கொசு கத்தற மாதிரி இருக்கும், பேஸ்ங்கற அடி சத்தத்துக்கு பேச்சுக்கே இடமில்ல. ஆனா அதையே காதுக்குள்ள சொருகினா பேஸ் திம்முனு வருதே, எப்படி? காது துவாரத்துக்குள்ள அடைபட்டு இருக்கற கொஞ்சூண்டு காத்த மட்டும் அது அழுத்தி அழுத்தி விட்டா போதும், அதனாலதான். அந்த அடைப்பு முழுசா இருக்கற வரைக்கும்தான் இந்த வித்தை நடக்கும். சுத்தி எங்கயாவது இடைவெளி இருந்தா வாஷர் போன சைக்கிள் பம்ப் கதைதான், எவ்ளோ அடிச்சாலும் காத்து பின்னாடியே போயிடும். இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா, லீக் ஆகும்போது எல்லா சத்தமும் ஒரே அளவுல குறையாது, பேஸ்தான் முதல்ல காணாம போகும், குரலும் மேல் சத்தமும் (ட்ரிபிள்) அப்படியே நிக்கும், அப்போ பாட்டு தகரம் மாதிரி கேக்கும், நாம என்ன பண்ணுவோம், வால்யூம ஏத்துவோம், ஏத்தினா மேல் சத்தம் காத குத்தும், கடைசில "இந்த பட்ஸ் வேஸ்ட், பேஸே இல்ல, ட்ரிபிள் ஓவர்"னு ரிவ்யூ எழுதிடுவோம். நெட்ல இருக்கற ஒரு ஸ்டார் ரிவ்யூல கணிசமானது இந்த டிப் கேஸ்தான்னு நான் நெனைக்கறேன்.

செக் பண்றது ஈஸி. பேஸ் நல்லா இருக்கற ஒரு பாட்ட போட்டுட்டு ரெண்டு பக்கமும் விரலால லேசா, ரொம்ப லேசா உள்ள அமுக்குங்க. பேஸ் சட்டுனு கூடுச்சுன்னா சீல், அதாவது அந்த அடைப்பு, சரியில்லன்னு அர்த்தம். அடுத்த சைஸ் டிப் மாத்துங்க. எல்லா டிப்பும் போட்டுப் பாருங்க, ஏன்னா பெட்டில இருந்து வரும்போது மாட்டியிருக்கற நடு சைஸ் எல்லாருக்கும் சரியா வரணும்னு இல்ல, அதுமட்டுமில்லாம இடது காதுக்கு ஒரு சைஸும் வலது காதுக்கு இன்னொரு சைஸும் தேவைப்படறது ரொம்ப சாதாரணம், அதுல ஒன்னும் கூச்சப்பட வேண்டியதில்ல. சிலிகான் நிக்கவே மாட்டேங்குதுன்னா ஃபோம் டிப் ட்ரை பண்ணலாம், நசுக்கி உள்ள விட்டா விரிஞ்சு அடைச்சுக்கும். ஏர்பாட்ஸ் ப்ரோலயும் சோனியோட ஆப்லயும் ஃபிட் டெஸ்ட்னே ஒன்னு இருக்கு, ஒரு சின்ன சத்தத்த ஓட விட்டு உள்பக்க மைக்ல அளந்து சீல் சரியா இருக்கான்னு சொல்லிடும்.

இன்னொரு வகை இருக்கு, டிப்பே இல்லாம காது வாசல்ல சும்மா உக்காந்துக்கறது. 2016ல வந்த முதல் ஏர்பாட்ஸ், 2024ல வந்த ஏர்பாட்ஸ் 4 எல்லாம் இந்த ரகம். அதையும் டிப் வச்ச இன்-இயரையும் ஒரே தட்டுல வச்சு பேஸ் ஒப்பிடறது நியாயமே இல்ல. வெளி சத்தம் கேக்கணும், காது அடைச்ச மாதிரி இருக்கக்கூடாதுன்னு நெனைக்கறவங்களுக்கான டிசைன் அது.

அடுத்தது வால்யூம். இங்கதான் பெரும்பாலான ஒப்பீடு கோட்டை விடுது. 1933ல அமெரிக்கால பெல் லேப்ஸ்ல ஃப்ளெட்சர், மன்சன்னு ரெண்டு பேர் ஒரு ஆராய்ச்சி வெளியிட்டாங்க. சத்தம் கம்மியா இருக்கும்போது நம்ம காதுக்கு பேஸும் உச்ச ஸ்தாயியும் ரொம்ப மந்தமா கேக்கும், சத்தம் ஏற ஏற அது ரெண்டும் எழும்பி மேல வரும், அதான் அதோட சாராம்சம். இதோட விளைவு என்னன்னா, ஒரே இயர்பட்ஸ கொஞ்சம் சத்தமா வச்சாலே "ஆஹா, பேஸும் இருக்கு, க்ளாரிட்டியும் இருக்கு"ன்னு தோணும். ஒன்னு ரெண்டு டெசிபல் வித்தியாசமே போதும், நமக்கு அது சத்தம் ஜாஸ்தின்னு தெரியாது, குவாலிட்டி ஜாஸ்தின்னுதான் தெரியும். ரெண்டு இயர்பட்ஸையும் போன்ல பாதி வால்யூம்ல வச்சு கேட்டேன்னு சொன்னா அது ஒப்பீடே ஆகாது, ஏன்னா ஒரு கம்பெனியோட பாதியும் இன்னொரு கம்பெனியோட பாதியும் ஒன்னு கிடையாது.

அளவுக் கருவி இல்லாம எப்படி சமப்படுத்தறது? பாடறவர் குரல பிடிச்சுக்கோங்க. ட்ரம்ஸையோ பேஸையோ பாக்காம, ரெண்டுலயும் அந்தக் குரல் ஒரே தூரத்துல நிக்கற மாதிரி வர்ற வரைக்கும் வால்யூம மேல கீழ நகத்துங்க. அப்புறம் எது நல்லா இருக்குன்னு தோணுதோ அதோட வால்யூம ஒரு ஸ்டெப் குறைச்சிட்டு திரும்பக் கேளுங்க. அப்பவும் அதுவே பிடிச்சிருந்தா நிஜமாவே பிடிச்சிருக்கு. சைடுல ஒரு விஷயம், உலக சுகாதார நிறுவனம் பெரியவங்களுக்கு சொல்ற அளவு வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல். சத்தம் அதுக்கு மேல போகப் போக நேரம் வேகமா குறையும், அதனால ஒப்பிடறேன்னு காத பலி குடுக்காதீங்க.

சரி, டிப் ஓகே, வால்யூம் சமம். இப்போ கேக்கற வித்தியாசம்தான் உண்மையான வித்தியாசம், அதுல பெரும் பங்கு ட்யூனிங்.

ட்யூனிங்னா எந்தெந்த ஸ்தாயிக்கு எவ்ளோ சத்தம் குடுக்கணும்னு கம்பெனி முடிவு பண்றது. மனுஷ காது கேக்கறது 20 ஹெர்ட்ஸ்லேர்ந்து 20,000 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு எத்தனை அதிர்வுங்கற கணக்கு) வரைக்கும்னு புத்தகத்துல இருக்கும், வயசு ஏற ஏற மேல் எல்லை இறங்கிக்கிட்டே வரும். இதுல 60 ஹெர்ட்ஸ் பக்கம் ட்ரம்ஸோட கிக் நெஞ்சுல இடிக்கற இடம். பேஸ் கிட்டாரோட அடித் தந்தி 41 ஹெர்ட்ஸ் வரைக்கும் கீழ போகும். 200, 300 பக்கம் குரலுக்கும் வாத்தியத்துக்கும் உடம்பு குடுக்கற இடம், இது ஜாஸ்தியானா எல்லாம் கம்பளிக்குள்ள இருந்து பாடற மாதிரி இருக்கும், மட்டி (muddy, கலங்கல்)ன்னு சொல்றாங்களே அதான். 1,000லேர்ந்து 4,000 வரைக்கும் பாடல் வரிகள் தெளிவா புரியற இடம், வயலின், புல்லாங்குழல் எல்லாம் முன்னாடி வந்து நிக்கற இடம். 5,000லேர்ந்து 8,000க்குள்ள "ஸ", "ஷ" சத்தம் இருக்கு, இங்க ஒரு மேடு இருந்தா பாடறவர் ஸ் சொல்லும்போதெல்லாம் ஊசி குத்தும், இதுக்கு சிபிலன்ஸ்னு பேரு. அதுக்கு மேல ட்ரம்ஸ்ல இருக்கற சிம்பல்ஸ் தட்டோட மினுமினுப்பு, காத்தோட்டம்.

அப்போ எல்லாத்தையும் சமமா குடுத்தா அதானே பெஸ்ட்? அங்கதான் சிக்கல். நம்ம காது துவாரம் ஏறக்குறைய இரண்டரை சென்டிமீட்டர் நீளமுள்ள, ஒரு பக்கம் செவிப்பறையால மூடின குழாய். எந்தக் குழாய்க்கும் ஒரு சொந்த அதிர்வு இருக்கும்ல, காதுக்கு அது 3,000 ஹெர்ட்ஸ் பக்கத்துல வருது. பொறந்ததுலேர்ந்து நாம எல்லா சத்தத்தையும் அந்த ஏத்தத்தோடதான் கேட்டுட்டு வரோம், மூளைக்கு அதான் நார்மல். டிப்ப வச்சு காத அடைச்சதும் அந்த இயற்கையான ஏத்தம் மாறிப் போயிடும், அதனால இயர்பட்ஸே அத திருப்பி சேத்துக் குடுக்கணும். காதுக்குள்ள அளந்து பாத்தா நேர்கோடா வர்ற இயர்பட்ஸ் கேக்கறதுக்கு செத்த மாதிரி இருக்கும்.

இந்த விஷயத்துல அதிகமா அடிபடற பேரு ஹார்மன் டார்கெட். ஹார்மன்ங்கற ஆடியோ கம்பெனில ஷான் ஆலிவ்ங்கற ஆராய்ச்சியாளரும் அவரோட டீமும், கேக்கறவங்களுக்கு எது எந்த ட்யூனிங்னு தெரியாதபடி வச்சு, எது பிடிச்சிருக்குன்னு மட்டும் கேட்டு, அந்த விருப்பங்கள்ல இருந்து உருவாக்கின வளைவு அது. சுருக்கமா அடி பேஸ் கொஞ்சம் தூக்கலா, நடு சுத்தமா, 3,000 பக்கம் ஒரு மேடு, அப்புறம் மெதுவா இறக்கம். பெரும்பான்மைக்கு அது பிடிச்சிருந்தாலும் ஒரு கூட்டத்துக்கு இன்னும் பேஸ் வேணும்னு இருந்துச்சு, இன்னொரு கூட்டத்துக்கு கம்மி வேணும்னு இருந்துச்சு. அதனால அந்த வளைவ சட்டம் மாதிரி பிடிச்சுக்கிட்டு "இது டார்கெட்டோட ஒட்டல, குப்பை"ன்னு சண்டை போடறவங்கள பாத்தா ஒதுங்கிப் போயிடுங்க.

ரிவ்யூல கிராஃப் போடுவாங்க, புதுசா பாக்கறவங்களுக்கு தலையும் புரியாது வாலும் புரியாது. கிடைமட்டமா போறது ஸ்தாயி, இடது பக்கம் பேஸ், வலது பக்கம் ட்ரிபிள். மேல போனா சத்தம் ஜாஸ்தி. அவ்ளோதான். இடதும் வலதும் தூக்கி நடு பள்ளமா இருந்தா வி-ஷேப், குத்துப் பாட்டுக்கு ஜாலியா இருக்கும், குரல் பின்னாடி போயிடும். இடது மட்டும் தூக்கி வலது சரிஞ்சிருந்தா வார்ம், வலது தூக்கலா இருந்தா ப்ரைட். ஒரு எச்சரிக்கை, 8,000 ஹெர்ட்ஸ் பக்கத்துல கூர்மையா ஒரு கோபுரம் தெரிஞ்சா பயப்படாதீங்க, பல நேரம் அது அளக்கப் பயன்படுத்தற செயற்கைக் காதோட சொந்த அதிர்வு, பட்ஸ எவ்ளோ ஆழமா சொருகறாங்கங்கறத பொறுத்து நகரும். ஒரே தளத்துல ஒரே கருவில எடுத்த ரெண்டு கிராஃப ஒப்பிடலாம், அங்க ஒன்னு இங்க ஒன்னுன்னு எடுத்து ஒப்பிடக்கூடாது.

ட்யூனிங் பிடிக்கலன்னா மாத்த முடியுமா? முடியும், அதான் வயர் இயர்போன விட இதுல இருக்கற பெரிய வசதி. இயர்பட்ஸ்குள்ள ஒரு சின்ன ப்ராசசர் இருக்கு, நாம கேக்கறது எல்லாமே அதுல பிசைஞ்சு வர்ற சவுண்டுதான், ஃபர்ம்வேர் (பட்ஸ்குள்ள ஓடற சாஃப்ட்வேர்) அப்டேட் வந்தா சவுண்டே மாறிப் போறதும் உண்டு. ஆப்ல ஈக்வலைசர் (பேஸ், ட்ரிபிள் எல்லாத்தையும் தனித்தனியா ஏத்தி இறக்கற வசதி) உருப்படியா இருந்தா பாதிக் குறைய சரி பண்ணிடலாம். அதனால என்னோட கணக்குல ட்யூனிங் சுமாரா இருந்து ஈக்வலைசர் நல்லா இருக்கற மாடல், ட்யூனிங் ஓரளவு ஓகேவா இருந்து கைய வைக்கவே விடாத மாடல விட மேல். ஈக்வலைசர் தொடும்போது ஒன்னு மட்டும், வேண்டியத ஏத்தறதுக்கு பதிலா வேண்டாதத இறக்கப் பாருங்க, எல்லாத்தையும் உச்சத்துக்கு ஏத்தினா கடைசில கரகரன்னு உடையும்.

இப்போ பெட்டி மேல இருக்கற நம்பருக்கு வருவோம். ட்ரைவர் சைஸ். சோனியோட டபிள்யூஎஃப் 1000எக்ஸ்எம்4ல 6 மில்லிமீட்டர், அடுத்து 2023ல வந்த எக்ஸ்எம்5ல 8.4. டெக்னிக்ஸ் ஏஇசட்80ல 10. சென்ஹைசர் மொமென்டம் ட்ரூ வயர்லெஸ் 4ல 7. நாலுமே பேர் வாங்கின மாடல்தான், சைஸ வச்சு இதுகள வரிசைப்படுத்த யாராலயும் முடியாது. ட்ரைவர் எத்தனைங்கறதும் அப்படித்தான். சாம்சங் கேலக்ஸி பட்ஸ் 2 ப்ரோல பேஸுக்கு ஒன்னு ட்ரிபிளுக்கு ஒன்னுன்னு ரெண்டு இருக்கு, சிலதுல காது கேக்கும் கருவில பயன்படற பேலன்ஸ்டு ஆர்மச்சர்ங்கற வகைய சேத்துக்கறாங்க. ரெண்டு நல்லா இணைஞ்சா சூப்பர், இணையலன்னா ஒன்னே தேவலாம்னு ஆயிடும். மொத்தத்துல இந்த நம்பர தாண்டிப் போயிடுங்க.

ஏஎன்சி (ஆக்டிவ் நாய்ஸ் கேன்சலேஷன்) சவுண்டு குவாலிட்டில சேருமா? நேரடியா இல்ல, ஆனா சுத்தி வளைச்சு சேரும். வெளி சத்தத்த மைக்ல பிடிச்சு அதுக்கு நேரெதிர் அலைய உருவாக்கி ரத்து பண்றது அது, பஸ் இன்ஜின், விமானத்தோட உறுமல் மாதிரி விடாம வர்ற கீழ் சத்தத்துக்கு ரொம்ப நல்லா வேலை செய்யும், பக்கத்துல பேசறவங்க குரலுக்கு அவ்ளோவா செய்யாது. அந்த உறுமல் போனாலே பாட்டோட பேஸ் கம்மி வால்யூம்லயே தெரிய ஆரம்பிச்சிடும். பயணத்துல கேக்கறவங்களுக்கு கோடெக்க விட இதுதான் பலன் குடுக்கும். சில மாடல்ல ஏஎன்சி போட்டா ஒரு சவுண்டு, நிறுத்தினா ஒரு சவுண்டு வரும், அதனால ரெண்டையும் ஒரே நிலைல வச்சு ஒப்பிடுங்க.

இனிமேதான் கோடெக். ப்ளூடூத்ல பாட்ட அப்படியே அனுப்ப இடம் பத்தாது, சுருக்கித்தான் அனுப்பணும், அந்த சுருக்கற முறைக்குத்தான் கோடெக்னு பேரு. சிடில இருக்கற பாட்டு விநாடிக்கு 1,411 கிலோபிட். எஸ்பிசிங்கறது எல்லாத்துலயும் கட்டாயம் இருக்கற அடிப்படை, நல்ல செட்டிங்ல 328 கிட்ட போகும். ஏஏசி 256 பக்கம். ஆப்ட்எக்ஸ் 352. சோனி 2015ல கொண்டு வந்த எல்டேக்ல 330, 660, 990னு மூணு படி. நம்பர பாத்ததும் 990தான் வேணும்னு தோணும், ஆனா கூட்டமான இடத்துல சிக்னல் திணறும், ஆட்டோமேட்டிக்ல விட்டிருந்தா போனே கீழ் படிக்கு இறக்கிடும், பிடிவாதமா 990ல பூட்டி வச்சா விட்டு விட்டு பாடும். அதோட கோடெக் ரெண்டு பக்கமும் இருந்தாத்தான் உண்டு. ஐபோன் எஸ்பிசி, ஏஏசி ரெண்டுதான் பேசும், எல்டேக்குக்காக காசு குடுத்து ஐபோன்ல மாட்டினா அந்தக் காசு வீண். சாம்சங்கோட ஹை-ஃபை கோடெக் சாம்சங் போன்லதான். சென்ஹைசர் மொமென்டம் ட்ரூ வயர்லெஸ் 4ல இருக்கற ஆப்ட்எக்ஸ் லாஸ்லெஸ் வேலை செய்யணும்னா போனும் அத சப்போர்ட் பண்ணணும். ஆண்ட்ராய்டுல டெவலப்பர் ஆப்ஷன்ஸ் உள்ள போனா இப்போ எது ஓடுதுன்னு பாத்துக்கலாம்.

ஏஏசிக்கும் எல்டேக்குக்கும் வித்தியாசம் கேக்குமான்னா, அமைதியான ரூம்ல, நல்ல ரெக்கார்டிங்ல, தேடித் தேடிக் கேட்டா சிலருக்கு கேக்கலாம். டிப் சைஸ் மாத்தினா வர்ற வித்தியாசம் தூங்கறவனுக்கும் கேக்கும். அதோட போற தண்ணியே கம்மின்னா பைப்ப பெருசாக்கி என்ன பண்ண, ஸ்ட்ரீமிங் ஆப்ல குவாலிட்டி செட்டிங் லோல இருந்தா எந்த கோடெக்கும் காப்பாத்தாது, முதல்ல அத ஹைக்கு மாத்துங்க.

கோடெக் பத்தி பேசும்போதே இன்னொன்னு. லேப்டாப்ல மீட்டிங் ஆரம்பிச்ச உடனே பாட்டு திடீர்னு பழைய டெலிபோன் மாதிரி ஆயிடுதேன்னு நெறைய பேர் பதறுவாங்க. பட்ஸ் கெட்டுப் போகல. மைக் ஆன் ஆனதும் ப்ளூடூத் கால் பேசறதுக்கான வேற மோடுக்கு மாறிடும், அதுல சவுண்டு மோனோ (ரெண்டு காதுலயும் ஒரே சத்தம்), தரமும் ரொம்ப கீழ. லேப்டாப்லயே இருக்கற மைக்க செலக்ட் பண்ணிட்டா பட்ஸ் பழையபடி நல்லா பாடும்.

இதெல்லாம் தெரிஞ்சுக்கிட்டு மாடல்கள பாத்தா ஏன் ஒவ்வொருத்தர் ஒவ்வொன்ன சொல்றாங்கன்னு புரியும். ஏர்பாட்ஸ் ப்ரோ 2 உள்பக்க மைக்க வச்சு நம்ம காதுக்குள்ள சவுண்டு எப்படி வருதுன்னு பாத்து தானே திருத்திக்கும், போஸ் க்யூசி அல்ட்ரா இயர்பட்ஸ் காதுல மாட்டின உடனே ஒரு டோன் போட்டு அளந்துக்கும், டெனான் பெர்ல் ப்ரோ ஒரு படி மேல போய் காதுக்குள்ள இருந்து திரும்பி வர்ற மெல்லிய ஒலிய வச்சு கேக்கும் திறனையே அளந்து ட்யூன் பண்ணும். இந்த மூணும் "உன் காதுக்கு நான் மாறிக்கறேன்"ங்கற ரகம். சோனியும் டெக்னிக்ஸும் சென்ஹைசரும் ஆப்ல ஈக்வலைசர குடுத்து "நீயே மாத்திக்கோ"ங்கற ரகம். நோண்டறதுல ஆர்வம் இல்லாதவங்க முதல் ரகத்துக்குப் போங்க, ஐபோன்னா யோசிக்காம ஏர்பாட்ஸ் ப்ரோ. நோண்டப் பிடிக்கும், ஆண்ட்ராய்டுன்னா ரெண்டாவதுல உங்க காதுல ஒழுங்கா உக்கார்றது எதுவோ அது.

கேட்டுப் பாக்கும்போது புதுப் பாட்டு வேண்டாம், ஒவ்வொரு அசைவும் மனப்பாடமா தெரிஞ்ச பாட்டு போதும். ஒன்னு குரல் மட்டும் தனியா நிக்கறது, ஒன்னு அடி பேஸ் இருக்கறது, ஒன்னு பத்து வாத்தியம் ஒரே நேரத்துல முட்டிக்கறது. முழுப் பாட்டும் கேக்காம அரை நிமிஷத் துண்ட மாத்தி மாத்திக் கேளுங்க. அந்த முட்டிக்கற இடத்துல ஒவ்வொரு வாத்தியத்தையும் தனியா பின்தொடர முடியுதா, குரல் நட்ட நடுவுல நிக்குதா இல்ல ஒரு பக்கம் சாயுதா, ஸ் சத்தம் குத்துதா. அப்புறம் பிடிச்சத மட்டும் வச்சு ஒரு மணி நேரம் சும்மா கேளுங்க, ஏன்னா அஞ்சு நிமிஷத்துல அசத்தற ப்ரைட் சவுண்டுதான் ஒரு மணி நேரத்துல தலைவலி குடுக்கும். ரொம்ப நாளா ஒரே பட்ஸ் போட்டுப் பழகினவங்களுக்கு புதுசு முதல் நாள் விநோதமாத்தான் இருக்கும், ரெண்டு மூணு நாள் குடுங்க. இத்தனை மணி நேரம் ஓட விட்டாத்தான் சவுண்டு திறக்கும்னு சொல்லுவாங்க, அதுல பெரும்பாலும் பழகறது காதுதான்.

குரல் ஒரு பக்கமா சாயுதுன்னா உடனே ரிட்டர்ன் போடாதீங்க. டிப்ப கழட்டி உள்ள இருக்கற வலைய வெளிச்சத்துல பாருங்க, பழைய பட்ஸா இருந்தா காது அழுக்கு அடைச்சிருக்கும். காஞ்ச மென்மையான ப்ரஷ்ஷால வலைய கீழ பாத்த மாதிரி வச்சு தட்டித் தட்டி எடுங்க, ஊசி, தண்ணி ரெண்டும் கூடாது. அதுக்கப்புறமும் சாஞ்சா பட்ஸ இடம் மாத்தி, இடது காதுல வலது, வலது காதுல இடதுன்னு ஒரு நிமிஷம் பிடிச்சுப் பாருங்க. சாய்வு பட்ஸோட சேந்து பக்கம் மாறினா குறை பட்ஸ்ல, தாராளமா திருப்பிக் குடுங்க. மாறாம அதே பக்கம் நின்னா டிப் சீல் இன்னொரு தடவ பாருங்க, அதுவும் சரின்னா ஒரு காது டாக்டர்கிட்ட காட்டிடுங்க.